நாலு வருஷத்துக்கு முந்தைய பட்டியலையும் காட்டுங்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் தரவரிசைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பள்ளிப் பையன்களுக்கு ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட்டு, அதைக் கூட்டி, எந்தக் கல்லூரி நல்ல பையன்களைச் சேர்த்தது என்று ரெக்ரூட்டிங் தரவரிசை வெளியிடும் எல்லாத் தளங்களின் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

2026 ஜனவரியில் இந்தியானா பல்கலைக்கழக அணி, மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினாறு ஆட்டம், பதினாறு வெற்றி. அதுவரையிலான வரலாற்றுத் தோல்விக் கணக்கில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த அணி அது. கோச் கர்ட் சிக்னெட்டி 2023 கடைசியில் பொறுப்பேற்று, தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணியிலிருந்து ஒரு கூட்டத்தையே கையோடு அழைத்து வந்தார். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா பள்ளி முடிக்கும்போது யேலுக்குப் போவதாக இருந்தவர். அப்புறம் கலிஃபோர்னியா, அதற்கும் அப்புறம்தான் இந்தியானா. இவர்களுக்கெல்லாம் நீங்கள் எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும், நான் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

மைதானத்தில் கொட்டிய காகிதத் துணுக்குகளைப் பெருக்கி முடிப்பதற்குள் உங்கள் முகப்புகளில் மறுபடி பட்டியல். 2027, 2028 என்று இன்னும் பள்ளியில் படிக்கிற பையன்களின் பெயர்கள், பக்கத்தில் பளபளவென்று நட்சத்திரங்கள். நடந்து முடிந்ததைப் பற்றி உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி விளக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் புதிய பட்டியல் வெளியிடும் அன்றே, நாலு வருஷத்துக்கு முந்தைய உங்கள் பட்டியலையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். அன்று நீங்கள் தந்த இடம், இன்று அந்த அணி வந்து நிற்கும் இடம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் வேலை முழுக்கப் பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. மொத்தமாகப் பார்த்தால் உங்கள் கணக்கு பெரும்பாலும் தேறுகிறது. அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட் எல்லாம் உங்கள் பட்டியலிலும் மேலே இருக்கின்றன, கோப்பையும் தூக்கியிருக்கின்றன. அணியில் பாதிக்கு மேல் நாலு, ஐந்து நட்சத்திரப் பையன்கள் இல்லாமல் சாம்பியன் ஆக முடியாது என்பது இந்தியானா வரும்வரை பல வருடங்களாகப் பலித்துவந்த சூத்திரம். மூன்று நட்சத்திரக்காரர்கள் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் நிறைய இருப்பதற்குக் காரணம் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதுதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் பார்த்தால் ஐந்து நட்சத்திரக்காரனுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பொருத்தத்தில் எவ்வளவு உங்கள் கண்ணின் திறமை, எவ்வளவு பெரிய கல்லூரிகளின் திறமை? மூன்று நட்சத்திரத்தில் இருந்த பையனுக்கு அலபாமாவிலிருந்து அணியில் சேர ஆஃபர் வந்தால் கொஞ்ச நாளில் நாலாவது நட்சத்திரம் முளைக்கும் என்று ரசிகர்கள் எத்தனையோ வருடமாகக் கேலி பேசுகிறார்கள். அந்தக் கேலி உண்மையா இல்லையா என்று வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. நட்சத்திரம் மாறிய தேதியையும் ஆஃபர் வந்த தேதியையும் நீங்கள் சேர்த்து வைத்துக் காட்டுவதில்லையே. பெரிய கோச் தேர்ந்தெடுத்த பையனை நீங்களும் தேர்ந்தெடுத்தால், பெரிய கோச் ஜெயிக்கும்போது நீங்களும் ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

உங்களில் சிலர் ஐந்து நட்சத்திரத்துக்கு விளக்கமும் தருகிறீர்கள்: கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 பேர், ஆகவே ஏறக்குறைய 32 பையன்களுக்கு ஐந்து நட்சத்திரம். நல்லது. அப்படியென்றால் இது கணிப்பு. கணிப்பு என்றால் பலித்ததா என்று பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஜாதகம் பொருந்துகிறது என்று கமிஷன் வாங்கிப்போகிற கல்யாணத் தரகர் நாலு வருஷம் கழித்து அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. நீங்களும் மிதிப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். கார்னர்பேக், அதாவது எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவரைத் தடுப்பவன். பெயர் வேண்டாம். உங்களில் ஒரு தளத்தில் அவன் உயரம் ஐந்தடி பதினொன்று என்று ஏறிவிட்டது. பள்ளியின் டிரெய்னர் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்தபோது ஆறடி ஒன்று. இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். அந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு அது பெரிய விஷயம். நெட்டையான ரிசீவரின் தலைக்கு மேல் வருகிற பந்தை யார் தட்டிவிடுவது என்று பார்க்கிற கோச், ஆறடிக்குக் கீழே இருக்கிற பெயர்களை வடிகட்டிவிட்டுத்தான் வீடியோவையே திறக்கிறார்.

அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட். திருத்தச் சொல்லி எழுதினார். இயந்திரம் எழுதிய பதில் ஒன்று வந்தது: நேரில் அளந்த உயரத்தை மட்டுமே ஏற்போம், அடுத்த கேம்ப்புக்கு வாருங்கள். கேம்ப்புக்குக் கட்டணம். கேம்ப் நடப்பது வேறு ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில். சனி இரவு ஷிப்ட் முடித்து அதே யூனிஃபார்மோடு, வழியில் வாங்கிய காப்பியோடு அவரே கார் ஓட்டிப் போனார். வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம், அளப்பதற்குப் பத்து வினாடிகூட ஆகவில்லை. ஆறடி ஒன்று. தளத்தில் திருத்தினார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவரை வாரம் தவறாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி அதற்குள் அந்த இடத்துக்கு வேறு இருவரை எடுத்து முடித்திருந்தது. டிசம்பரில் பள்ளி ஜிம்மில் மேஜை போட்டு, கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து, கேமரா முன்னால் பையன்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போட்ட அன்று இவன் கேலரியில் உட்கார்ந்து நண்பர்களுக்குக் கைதட்டினான்.

அந்தத் தப்பு யார் கணக்கில் ஏறியது? யார் கணக்கிலும் இல்லை. பழைய பட்டியலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதால் அதில் கவனமாக இருக்க யாருக்கும் அவசியமும் இல்லை.

நான் படித்த டெக்ஸஸ் ஏ அண்ட் எம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022ல் நாங்கள் சேர்த்த பையன்களை, தரவரிசைகள் தொடங்கிய காலத்திலிருந்து இதற்கு இணை கிடையாது என்று கொண்டாடினீர்கள். நாங்களும் குதித்தோம். அந்த செப்டம்பரில் சொந்த மைதானத்தில் அப்பலேச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்றோம். சீசன் முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. அந்தப் பையன்களில் பலர், கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு ஊர்களுக்குப் போனார்கள். கோச் ஜிம்போ ஃபிஷரை 2023 நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதற்கு 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. தோற்றதற்கு இவ்வளவு கூலி வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும் என்று தெரியவில்லை. தெரிந்தால் நானும் சேர்ந்துவிடுவேன். பையன்களுக்கு ஊர் மாறியது, கோச்சுக்கு வேலை போனது, பல்கலைக்கழகத்துக்குப் பணம் போனது. பட்டியல் போட்டவர்களுக்கு மட்டும் சந்தா புதுப்பிக்கப்பட்டது. இப்போது அந்த நட்சத்திரங்கள் வெறும் பெருமைக்கும் இல்லை. தன் பெயரையும் படத்தையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்க அனுமதிக்கும் என்.ஐ.எல். 2021ல் வந்ததிலிருந்து பேரத்தில் எடுத்து வைக்கிற விலைச்சீட்டாகவும் ஆகிவிட்டன. இந்த வேகத்தில் போனால் பிரசவ அறை வாசலில் ஒருவர் நாடாவோடு நிற்பார்.

கோபம் கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டது. மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறேன்.

போர்ட்டல் வந்தபிறகு யார் எந்த அணியில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, நாலு வருடக் கணக்கு எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். போனவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் எழுதுங்கள். நட்சத்திரத்துக்கு ஏற்ற ஆள் கிடைத்தும் கோச் வீணடித்தாரா, ஆளே தவறா என்பதை வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காயம்பட்ட பையன்களைத் தனியாகக் குறித்துவிடலாம், அவர்களை வைத்து உங்களை யாரும் குறை சொல்லப்போவதில்லை. பழைய மறுமதிப்பீட்டுக் கட்டுரைகளை எப்போதாவது ஜூலை மாத வெறுமையை நிரப்பப் போடுகிறீர்கள், தெரியும். நான் கேட்பது அது அல்ல. புதிய பட்டியல் வரும் அன்றே, அதே பக்கத்தில், அதே அளவில் பழையதும் வர வேண்டும்.

தயவுசெய்து வரும் ஆகஸ்டில், சீசன் தொடங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆரம்பித்தால் போதும். முதல் வரியில் எங்கள் அணிதான் வரும், பரவாயில்லை, போடுங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டனிலிருந்து ஒரு பழைய ஏ அண்ட் எம் மாணவன்