லாரி ஓட்டுநர்களின் காத்திருப்பு நேரத்துக்கும் ஊதியம் நிர்ணயிக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்
நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுநர்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: லோடு ஏற்றவும் இறக்கவும் லாரி ஓட்டுநர்கள் காத்துக் கிடக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டு, நாள் கணக்கில் ஊதியம் நிர்ணயிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் 22 வருடமாக லாரியில் இருக்கிறேன். முதல் நான்கு வருடம் கிளீனர், அப்புறம் டிரைவர். இங்கிருந்து வடக்கே போகும் லோடுதான் எனக்கு அதிகம். மாதச் சம்பளம் கிடையாது. வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசி, அதையே படியாகத் தருகிறார்கள். வண்டி ஓடினால் காசு, நின்றால் இல்லை. இதனால் நாட்டில் எங்கே வியாபாரம் படுத்தாலும் அந்த அடி முதலில் எங்கள் வீட்டில் விழுகிறது. அதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இந்த மனு.

போன மாதம் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனேன். சுமார் 1,250 கிலோமீட்டர். நான்கு நாளில் போய்ச் சேர்ந்துவிட்டேன். பழைய சரக்கே விற்கவில்லை, குடோனில் இடமில்லை என்று சொல்லி, இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இறக்கிய பிறகு ரிட்டர்ன் லோடு கிடைக்க ஐந்து நாள். புக்கிங் ஆபீஸ் வாசலில் எனக்கு முன்னால் அவ்வளவு வண்டிகள். கடைசியில் கிடைத்த லோடுக்கும் வாடகை குறைவு. காலியாக வருவதற்கு இது மேல் என்று ஓனர் ஒத்துக்கொண்டார். திரும்பி வர நான்கு நாள். ஆக, 15 நாளில் வண்டி ஓடியது எட்டு நாள். அந்த ஓட்டத்துக்குத்தான் படி, அதிலும் திரும்பும்போது குறைந்த வாடகையின் சதவீதம். மீதி ஏழு நாள் நான் வீட்டிலும் இல்லை, ஓய்விலும் இல்லை. டீசல், ஸ்டெப்னி, தார்பாய் எது திருடு போனாலும் என் பொறுப்பு என்பதால் வண்டியை விட்டு நகர முடியாது. சாப்பாடும் குளியலும் கைக்காசில். வீட்டிலிருந்து போனில் கேட்டபோது, "இன்னும் லோடு ஆகலை" என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

ஓனரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் பகுதியில் ஒன்றிரண்டு வண்டி வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறவர்கள் அதிகம். டீசல் விலையை 2014 அக்டோபரில் அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விட்டது. டீசல் ஏறும்போது வாடகையும் தானாக ஏறுவதில்லை. சரக்கு குறைந்த காலத்தில் பத்து வண்டி ஒரு லோடுக்கு நிற்கும்போது வாடகையை யாரால் உயர்த்திக் கேட்க முடியும்? ஓனரின் கை கட்டப்பட்டிருக்கிறது, சரி. ஆனால் வண்டியைக் கேட்டில் நிறுத்திவைப்பவர் தன் குடோன் வாடகையை எங்கள் தூக்கத்தில் மிச்சம் பிடிக்கிறார். அவர்தான் இதற்குப் பணம் தர வேண்டும் என்பது என் கருத்து.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. நீண்ட தூர ஓட்டத்துக்கு நாளுக்குப் பத்து மணி வரை இடம் கொடுத்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றும் சொன்னது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான். எங்களில் பலர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அதோடு, வேலை நேரம் எது என்று சொல்லும் பிரிவில், முனையத்தில் சும்மா காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை நேரத்தில் சேரும் என்று எழுதியிருந்தது. நான் நாக்பூரில் காத்திருந்தது ஏழு நாள். 1961ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமோ, முதலாளி வேலை தராததால் நேரம் குறைந்தாலும் முழு நாள் ஊதியம் உண்டு என்றது. அந்த நியாயம் லாரிக்கும் வேண்டும்.

காத்திருந்ததை எப்படி நிரூபிப்பது என்று கேட்கலாம். ஃபாஸ்டேக்கில் ஒவ்வொரு டோல்கேட்டிலும் நேரம் பதிவாகிறது. சரக்கோடு போகும் மின்னணு ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று சரக்குக்குக் கெடு வைத்து, பில் எப்போது போடப்பட்டது என்பதையும் அரசே பதிவு செய்கிறது. குறைவது, சரக்கு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் வண்டி உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் எழுதிய ஒரு சீட்டுதான்.

ஆகவே, தொகுப்புச் சட்டத்தின் கீழான தமிழ்நாடு விதிகளில் அந்தச் சீட்டைக் கட்டாயமாக்கி, லோடு ஏற்ற, இறக்கக் காத்திருக்கும் நேரத்தையும் வெளியூரில் ரிட்டர்ன் லோடுக்காக நிற்கும் நாட்களையும் வேலை நேரம் என்று தெளிவாக எழுதும்படி வேண்டுகிறேன். வாடகைச் சதவீதம் எவ்வளவு ஆனாலும், ஊரை விட்டுக் கிளம்பிய நாள் முதல் திரும்பும் நாள் வரை ஒரு நாளைக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்ற ஊதியத்தை அறிவிக்க வேண்டும். ஒரே வண்டி உள்ள ஓனரிடம் ஓட்டுபவருக்கும் அது பொருந்த வேண்டும். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் தாமதத்துக்கான ஹால்டிங் தொகையை, வண்டியை நிறுத்திவைத்தவரிடமே வசூலித்து, அதில் டிரைவரின் பங்கு நேராக அவர் வங்கிக் கணக்குக்குப் போக வழி செய்ய வேண்டும்.

விசாரணைக்கு அழைத்தால் என் டிரிப் ஷீட்டுகளோடு நேரில் வருகிறேன். லோடில் இருந்தால் மட்டும் சில நாள் அவகாசம் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி ஓட்டுநர்

இணைப்பு: கடந்த ஆறு மாத டிரிப் ஷீட் நகல்கள்.