துணைவேந்தர்களுக்கும் பதிவாளர்களுக்கும்: காவலாளி யாருடைய ஆள்?

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். பல்கலைக்கழகக் காவலாளிகளைப் பற்றி நிர்வாகத்தில் எதைக் கேட்டாலும் வரும் முதல் பதில், "அவங்க ஏஜென்சி ஆளுங்க." மிகக் குறைந்த தொகை கேட்டு டெண்டரைப் பிடித்த ஏஜென்சி, விட்ட பணத்தை எங்கே பிடிக்கும் என்பது உங்கள் நிதி அலுவலருக்குத் தெரியாததல்ல. சம்பளத்தில், பயிற்சியில், ரிலீவர் (டூட்டியை மாற்றிவிட வரும் ஆள்) எண்ணிக்கையில்தான்.

ஆனால் நள்ளிரவில் விடுதியில் ஒரு மாணவி மயங்கி விழுந்தால் முதலில் ஓடி வருபவர் அந்த ஏஜென்சி ஆள்தான். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அமுக்க வேண்டும். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. சுற்றறிக்கை படித்து இது வராது. பொம்மையின் மேல் கைவைத்துப் பழக வேண்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு உருளையை எடுக்க வேண்டும் என்பதும் அப்படியே. வேதியியல் துறையில் எந்த அறையில் என்ன இருக்கிறதென்று இரவுக் காவலாளியை ஒருமுறையாவது யாரேனும் அழைத்துப்போய்க் காட்டியதுண்டா?

மனிதர்களைக் கையாள்வது இதைவிடக் கடினம். போதையில் கத்தும் இளைஞனைத் தொடாமல் அடக்க வேண்டும். யாரோ பின்தொடர்வதாக நடுங்கி வரும் பெண்ணிடம் "இந்த நேரத்துல ஏம்மா வெளிய போன?" என்று கேட்காமலிருக்க வேண்டும். மொட்டைமாடி விளிம்பில் உட்கார்ந்திருப்பவரிடம் ஆள் வரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டும். நாம் கற்றுக்கொடுத்ததோ அடையாள அட்டை பார்ப்பதும் பதிவேட்டில் எழுதுவதும். ஏதாவது பிசகினால் மறுநாளே ஆளை மாற்றச் சொல்லிக் கடிதம் போகிறது. புதிதாக வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

இனி வேலை நேரம். பன்னிரண்டு மணி நேர டூட்டி, வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி. ரிலீவர் வராத நாளில் 'டபுள்' வேறு. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இதே பல்கலைக்கழகங்களில் பொதுச் சுகாதாரத்தைப் பாடமாகவும் நடத்துகிறோம்! காவலாளிக்கு நாற்காலி போட்டால் தூங்கிவிடுவார் என்று வாதிடுபவர்கள், பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேசலாம். பெண் காவலர்களைப் பணியில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு அடுத்த கட்டடம்வரை நடக்கவிடுவதை என்னவென்று சொல்வது?

நேரடிப் பணியில் எடுப்பது நடக்காத காரியமல்ல. கேப் டவுன் பல்கலைக்கழகம் 2016இல் காவல், துப்புரவு உள்ளிட்ட பணியாளர்களைத் தன் ஊழியர்களாக ஏற்றது. லண்டன் பல்கலைக்கழகம் 2020இல் காவலர்களை அப்படி எடுத்துக்கொண்டது. இரண்டும் போராட்டத்துக்குப் பிறகே நடந்தன. நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

உடனே முடியாதென்றால் அடுத்த டெண்டரிலாவது எழுதுங்கள்: பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் உண்டு, எட்டு மணி நேர ஷிப்ட், போதிய ரிலீவர்கள், சம்பளம் வங்கியில் ஏறியதற்கான சான்றைக் காட்டினால்தான் ஏஜென்சிக்குப் பட்டுவாடா. ஏஜென்சி மாறினாலும் பழகிய ஆட்கள் தொடர வேண்டும் என்பதையும் சேருங்கள். பாதுகாப்புக் குழுவில் ஏஜென்சி மேலாளரை மட்டும் கூப்பிடாமல், இரவு டூட்டி பார்ப்பவர் ஒருவரையும் உறுப்பினராக்குங்கள். கூட்டத்தை அவர் தூங்கும் பகல் நேரத்தில் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
விடுதிப் பொறுப்பிலிருந்த ஓர் ஆசிரியர்