ஓரத்துக் கதிர் யாருக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்க சர்ச் சபையில விளைச்சலை காணிக்கையா படைக்கிற அறுப்பின் பண்டிகையில போன ஞாயிறு ஒரு கூடை இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் ஏலத்துல 500 ரூபாய்க்கு போச்சு, ரெண்டு பேரு போட்டி போட்டு ஏத்தி விட்டாங்க, சந்தோஷம்தான். ஆனா பைபிள்ல வர்ற வாரங்களின் பண்டிகையில, ஏழு வாரம் எண்ணி 50ஆம் நாள் புது மாவுல புளிக்க வச்சு சுட்ட ரெண்டு அப்பம் படைக்கணும்னு லேவியராகமம் 23ல சொன்ன கையோட, வயல் ஓரத்தை முழுசா அறுக்காதே, சிந்துன கதிரை பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும், அதாவது வேற ஊர்லேர்ந்து வந்து தங்குனவங்களுக்கும்னு 22ஆம் வசனத்துல இருக்கு. அன்னைக்கு சர்ச் வாசல்கிட்ட, நெல் அறுக்கப் போற ஒரு அம்மா பேரப்பிள்ளையோட நின்னு ஏலத்தை பார்த்துட்டு வெறுங்கையோட போனாங்க, எனக்கு மனசே ஆறல. அடுத்த வருஷம் ஏலத்துக்கு முன்னாடியே அவங்க பங்கை எடுத்து வச்சிடுங்க.

- ஒரு வாசகர், காட்பாடி