கடை வாசலில் பையனுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்கும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே,

நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள்தான்.

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஊர் டாஸ்மாக் கடையில் மீசை முளைக்காத பையன் போய் நின்றால் விற்பனையாளர் விரட்டிவிடுவார் என்று பையன்களே சொல்கிறார்கள். ஆனாலும் என் வகுப்பில் பதினாலு வயதுப் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒரு அண்ணன் வாங்கிக் கொடுத்தாங்க மிஸ்."

அந்த அண்ணனுக்குத்தான் இந்த மடல்.

எப்படி நடக்கிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து பத்தும் இருபதுமாகக் காசு போடுகிறார்கள். கடைக்குக் கொஞ்சம் தள்ளி, சைக்கிளைப் பிடித்தபடி ஒருவன் நிற்கிறான். தெரிந்த முகம் வந்ததும் "அண்ணே, ஒரு குவார்ட்டர்" என்று மடித்த நோட்டுகளை நீட்டுகிறான். மீதிச் சில்லறையை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். சிலர் அதுகூட வாங்குவதில்லை, "பாவம், ஆசைப்படுறான்" என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். அப்புறம் கண்மாய்க் கரை, டிஸ்போசபிள் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஒரு மிக்சர் பொட்டலம். கோயில் கொடை, கிரிக்கெட் டோர்னமென்ட், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேட்கவே வேண்டாம், நீங்களே கூப்பிட்டு ஊற்றிக் கொடுக்கிறீர்கள்.

"பீர்தானே டீச்சர், அதுல என்ன இருக்கு?" என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 7 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்தால், உள்ளே போவது சுமார் 45 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி பிராந்தியில் இருப்பது 38 மில்லிதான். நாற்பது கிலோகூட இல்லாத உடம்பில் அது ஏறுகிற வேகம் வேறு. வெறும் வயிற்றில் குடித்த பிள்ளைக்கு ரத்தத்தில் சர்க்கரை சடாரென இறங்கி வலிப்பு வரலாம். மல்லாந்து கிடக்கும்போது வாந்தி மூச்சுக்குழாயில் போய்விட்டால் உயிரே போய்விடும். அப்படி ஒரு பையன் கிடப்பதைப் பார்த்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். போதை தெளியட்டும் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அன்று ராத்திரி ஒன்றும் ஆகவில்லை என்றாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளை முழுதாக வளர இருபத்தைந்து வயது வரை ஆகும். 1990களில் அமெரிக்காவில் பல்லாயிரம் பேரிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 சதவீதம். வீட்டுச் சூழலும் பரம்பரையும் இதில் சேரும், வயது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பா குடித்து வீடு ஏற்கெனவே நொறுங்கிக் கிடக்கிற பையன்தான் பெரும்பாலும் உங்களிடம் காசை நீட்டுகிறான். அவனுக்கு ஆபத்து இரண்டு மடங்கு.

அரசைக் கேட்காமல் எங்களைக் கேட்கிறீர்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன் கையிலேயே வைத்திருக்கும் அரசுக்குக் கட்டாயம் பொறுப்பு உண்டு. பிள்ளைகள் நடந்து போகிற வழியில் கடை இருக்கக் கூடாது என்று அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கவுன்டரிலிருந்து அந்தப் பையன் கைக்கு பாட்டிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசு இல்லை, நீங்கள்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காசு அவனுடையது, நான் வாங்கித்தான் கொடுத்தேன் என்பதெல்லாம் எடுபடாது. உங்களில் பலர் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வழக்கு விழுந்தால் அந்தக் கனவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நீங்கள் குடிப்பதையே விடுங்கள் என்று இந்த மடலில் கேட்கவில்லை. அடுத்த முறை ஒரு பையன் நோட்டை நீட்டும்போது வாங்காதீர்கள். கூட வந்தவர் வாங்கப் போனாலும் தடுத்துவிடுங்கள். அவனை அடிக்க வேண்டாம், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். போன வருஷம் அப்படி ஒரு வீடியோ சுற்றியதில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்ட பிள்ளை எனக்குத் தெரியும். யார் வீட்டுப் பையன் என்று தெரிந்தால் அவன் அம்மாவிடமோ எங்களிடமோ தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் 1098-க்குப் போன் பண்ணுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் அது. பையன் மேல் கேஸ் ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். அந்த 77ஆவது பிரிவு தண்டிப்பது கொடுத்தவரைத்தான், குடித்த பிள்ளையை இல்லை.

ஆடி மாதக் கொடைக்கு இளைஞர் மன்றக் கூட்டம் போடும்போது இதையும் பேசி ஒரு முடிவு எடுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒன்பதாம் வகுப்பு டீச்சர்