டொம்முக்கு வாய் முளைத்த கதை

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்கு முழங்கால் வலியின் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். எழுதுவதற்கு முழங்கால் எதற்கு என்று நீ கேட்பாய். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள். நீ மறப்பாய், எனக்குத் தெரியும்.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். விளக்கை அணைத்ததும் வீறிட்டு அழுகிறாள், பயத்தைப் போக்குகிற மாதிரி ஒரு புத்தகம் சொல் என்று கேட்டிருக்கிறாய். தலைவலிக்கு மாத்திரை கேட்பது போல இருக்கிறது. நாலரை வயதில் இருட்டுக்கும் இல்லாத உருவங்களுக்கும் பயப்படுவது சர்வசாதாரணம். அந்த வயதில் கற்பனை குதிரையாக ஓடுகிறது. எது நிஜம், எது இட்டுக்கட்டியது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி மெதுவாகப் பின்னால் நடந்து வருகிறது. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மிரண்டுபோய் நிற்பவனிடமே அதைச் சொல்லி என்ன பயன்?

போன வருஷம் என் பேரனுக்கு ஐந்து வயது. கட்டிலுக்கு அடியில் 'டொம்' இருக்கிறது என்று சொல்லிக் காலைக் கீழே வைக்க மறுத்தான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு, இந்த முழங்காலோடு குனிந்து, மூலை முடுக்கெல்லாம் அடித்துக் காட்டி, "பார், ஒன்றுமே இல்லை" என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "வெளிச்சம் வந்தா அது போயிடும் பாட்டி." அதற்கு மேல் என்ன வாதாடுவது? நான் குனிந்து தேடியதே, அங்கே தேடவேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், கோடு போடாத நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "டொம் எப்படி இருக்கும், சொல்லு. நான் எழுதிக்கிறேன்." அவன் சொல்லச் சொல்ல நான் குமாஸ்தா. அதுக்கு மூணு காலு. முடி ஈரமா இருக்கும். வாய் கிடையாது. இங்கேதான் என் புத்திசாலித்தனம் குறுக்கே வந்தது. "வாயே இல்லையென்றால் எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்டுவிட்டேன். பையன் யோசித்தான். முகம் மாறியது. "பெரிய வாய் இருக்கு" என்றான், மெல்லிய குரலில். அன்றைக்கு ராத்திரி யாருமே தூங்கவில்லை. இல்லாத வாயை முளைக்கவைத்தது நான்தான். இரண்டு நாள் கழித்து அவனே அதைச் சரிசெய்தான்: வாய் இருக்கு, பல்லு இன்னும் முளைக்கல. அதிலிருந்து நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அப்புறம்?"

எழுதி வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ராத்திரி அவனுக்குள் எங்கும் நிறைந்திருந்தது காலையில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்தை அவன் புரட்டலாம், மூடலாம், படத்தின் மேல் தொப்பி வரையலாம். டொம்மின் அளவை அவன் தீர்மானிக்கிறான். ஆனால் அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதவேண்டும். பிறகு அவனாகவே எழுதத் தொடங்கியபோது, புள்ளி வைக்காமல் 'டொம' என்று எழுதினான். பழக்கதோஷம், பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தேன். ஒரு வாரம் அந்த நோட்டை என் கண்ணில் காட்டவில்லை.

இனி நீ கேட்ட புத்தகம். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் குழந்தைகளின் பயத்தைப் போக்க என்னென்ன வழிகள் பலிக்கின்றன என்று சோதித்துப் பார்த்து எழுதினார். முயலைக் கண்டு பயந்த, ஐந்து வயதை நெருங்கிய ஒரு சிறுமிக்கு ஒரு வாரம் தினமும் முயல் பேச்சு, முயல் படம், முயல் கதைதான். கதையைக் குழந்தை ஆசையாகவே கேட்டது. கடைசியில் நிஜ முயலைக் கொண்டுவந்தால், பழைய பயம் அப்படியே இருந்தது. பலித்தது வேறொரு வழி. இன்னொரு சிறுவனுக்கு அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டில் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்தினார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

அதனால் புத்தகம் வாங்கு, ஆனால் அதை வெளிச்சத்திலேயே படித்து மூடி வைத்துவிடாதே. நாங்கள் டொம் நோட்டை முதலில் முழு விளக்கில் படித்தோம். பிறகு சின்ன விளக்கில். பிறகு டார்ச்சில், டார்ச் அவன் கையில். எப்போது அணைப்பது என்று அவன்தான் சொல்வான். முதல் நாள் அணைத்து மூன்று எண்ணியதுமே டார்ச்சைப் போட்டுவிட்டான். பரவாயில்லை, மூன்று எண்ணினானே.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது, பயந்த குழந்தை தானே ஏதாவது செய்து மீள்கிற கதையாகப் பார். அம்மா வந்து விரட்டினாள், மந்திரக்கோல் வந்தது என்று முடிந்தால் நம் குழந்தைக்கு அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அப்புறம், இல்லாத பயத்துக்குப் புத்தகம் வாங்காதே. நான் முன்ஜாக்கிரதையாக இடியைப் பற்றிய கதை ஒன்று படித்துக் காட்டினேன். அதுவரை இடிச் சத்தத்திலும் குறட்டை விட்டவன், அதன்பின் காதைப் பொத்த ஆரம்பித்தான்.

நோட்டைப் படுக்கைக்குப் போகிற நேரத்தில் எடுத்து எழுதாதே. 1986இல் பென்னேபேக்கர், பீல் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை உலுக்கிய அனுபவத்தையும் அதன் உணர்வுகளையும் எழுதச் சொன்னார்கள். பின்னால் வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட அவர்கள் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள்; ஆனால் எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. அது பெரியவர்கள் கதை, நாலரை வயதுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கிளறிவிட்ட கையோடு விளக்கை அணைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் எழுதுங்கள், ராத்திரி படிக்க மட்டும் செய்யுங்கள். மாதக்கணக்கில் தூக்கமும் விளையாட்டும் கெட்டால் மருத்துவரிடம் காட்டிவிடு. அங்கே நோட்டை நம்பி உட்காராதே.

பேரன் இன்னும் டார்ச்சைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். டொம் பற்றிக் கேட்டால், அது இப்போ என் செருப்புக்குள்ளே இருக்கு என்கிறான். காலையில் உதறிவிட்டுப் போட்டுக்கொள்கிறான்.

கண்ணாடி மாற்றியதும் எழுது. உன் பேத்தியுடையதுக்கு எத்தனை கால் என்றும் கேட்டு எழுது. வாயைப் பற்றி மட்டும் நீயாகக் கேட்டுவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி