நிரலாக்கம் கற்பிப்போர் எடிட்டரையும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் நிரலாக்கம் கற்க முன்வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பைதனும் ஜாவாவும் சொல்லிக்கொடுக்கும் நாம், அவர்கள் நாள் முழுவதும் கையாளப்போகும் எடிட்டரைப் பற்றி, அதாவது நிரலை எழுதித் திருத்தும் மென்பொருளைப் பற்றி, ஒரு மணித்தியாலம்கூடப் பேசுவதில்லை என்பது என் நீண்டநாள் மனக்குறை.

இருபது ஆண்டுகளாகக் கல்லடியில் இருந்தபடி நிரல் எழுதி வருகிறேன். நோட்பேட் பிளஸ் பிளஸ் என்னும் எடிட்டரில் தொடங்கிய நான், கிட்ஹப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அட்டம் எடிட்டருக்கு மாறி, அதன் குறுக்குவிசைகளையும் நீட்சிகளையும் என் கைக்கேற்ப ஆண்டுக்கணக்கில் அமைத்துக்கொண்டேன். 2022 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. அதன்பின், ஓர் எடிட்டர் எத்தனை காலம் நிலைத்திருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். அப்படித்தான் விம் என்னும் எடிட்டருக்கு வந்தேன். பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட அது, அவர் 2023இல் மறைந்த பின்னரும் தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகிறது.

விம்மின் முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை என்பதை மறைக்க மாட்டேன். தட்டும் விசைகள் எழுத்துகளாகப் பதியும் எழுதும் நிலை வேறு, அவையே கட்டளைகளாக இயங்கும் கட்டளை நிலை வேறு என்பது விரல்களுக்குப் பழக நாள் எடுக்கும். ஆனால் ஒருநாள் மின்வெட்டின்போது, யூபிஎஸ் இல்லாத என் கணினி திடீரென அணைந்தபோது, சேமிக்காத வேலையை மீட்டுத் தந்தது, விம் தற்காலிகமாக எழுதி வைக்கும் ஸ்வாப் கோப்பே. 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது கை 4 வினாடிகள் ஓய்ந்ததும், அது தானாகவே எழுதி வைத்துக்கொள்கிறது.

இன்னொரு நாள், ஒரு பெயர்ப்பட்டியலில் 'கொக்கட்டிச்சோலை' என்று தேடியபோது சில வரிகள் அகப்படவேயில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. 'கொ'வின்மேல் கேர்சரை வைத்து கட்டளை நிலையில் ஜி, ஏ ஆகிய இரண்டு விசைகளைத் தட்டி, அந்த எழுத்தின் குறியீடுகளைப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. சில வரிகளில் ககரத்தைத் தொடர்ந்து ஒகரக்குறி, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையின் ஒரே குறியீடாகவும், மற்றவற்றில் ஒற்றைக்கொம்பு, அரவு என இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகியிருந்தன. தமிழ்த் தரவுகளோடு வேலை செய்யப்போகும் நம் பிள்ளைகள் இதை என்றோ ஒருநாள் சந்தித்தே தீருவார்கள். (நான் விம்மை இயக்கும் கட்டளைத் திரையான டெர்மினலில் தமிழ்ப் பத்திகள் இடம் பிசகித் தெரிவதுண்டு, அவற்றுக்கு நான் விசுவல் ஸ்டூடியோ கோட் என்னும் வேறோர் எடிட்டரைத் திறக்கிறேன்.)

ஆகவே, நம் பிரதேசத்துப் பயிற்சி நிலையங்களும் பாடசாலைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆசிரியர்களும், கற்கைநெறியின் முதல் மாதத்தில் ஏதேனும் ஓர் எடிட்டரை முறையாகக் கற்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது விம்மாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தேடுதல், மாற்றுதல், ஒரே தடவையில் பல கோப்புகளைத் திருத்துதல், இழந்ததை மீட்டல் ஆகியவற்றை, மவுஸைத் தொடாமல் மாணவர் தாமே செய்துகாட்டும் வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
மென்பொருள் நிரலாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.