சின்னவனுக்குக் கம்பளிச் சட்டை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே பர்மாவில் நானும் பெகு அத்தையும் நலம். அங்கே நீ, மருமகள், சின்னவன், பாப்பா எல்லோரும் நலமாயிருக்கப் பீலிக்கான் முனீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். அத்தை மகன் பதினைந்தாம் தேதி சென்னைக்குப் புறப்படுகிறான். அவனிடம் இதையும் இரண்டு லப்பே ஊறுகாய்த் தேயிலைப் பொட்டலமும் மருமகள் முகத்துக்கு அரைத்துப் பூசக் கேட்ட தனக்காக் கட்டையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் மூன்று நிமிஷத்தில் "சரிப்பா, வச்சிடவா" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

சின்னவனுக்கு ஊட்டி லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் இடம் கிடைத்த செய்தி மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. பரவாயில்லை, வேலை இருந்திருக்கும். பரீட்சை எழுதித் தேறினானாமே! கோயிலில் அர்ச்சனை செய்து எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தேன். என் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து ரங்கூன் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர், கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர். அவருடைய எள்ளுப்பேரன் அந்தப் பள்ளியில் படிக்கப் போகிறான் என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா?

ஊட்டி குளிர் நம்ம ஊர் மார்கழிக் குளிர் மாதிரி இல்லை. கம்பளிச் சட்டை கொஞ்சம் பெரிதாகவே வாங்கு. வளர்கிற பிள்ளை.

கரண்ட் வருகிற நேரத்தில் போனைச் சார்ஜ் போட்டு, பத்து நாளாக அந்தப் பள்ளியைப் பற்றியே தேடித் தேடிப் படிக்கிறேன். ஹென்றி லாரன்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரையின் பேரில் அமைந்த பள்ளி அது. சமவெளியில் பட்டாளத்து லயன்களில் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் சோல்ஜர் வீட்டுப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவர்களை மலைக்குக் கொண்டுபோய் வளர்க்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். முதலில் சிம்லா பக்கம் சனாவரில் 1847 இல் ஒன்று தொடங்கினார், அப்புறம் அபு மலையில் ஒன்று. 1857 கலகத்தில் லக்னோ முற்றுகையின்போது குண்டு பட்டு ஜூலை 4 ஆம் தேதி இறந்துபோனார். 'தன் கடமையைச் செய்ய முயன்றவன்' என்றுதான் கல்லறையில் எழுதியிருக்கிறதாம். முயன்றவன் என்றே போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்தது. மறுவருஷம் 1858 இல் அவர் நினைவாக ஊட்டியில் தொடங்கியதுதான் சின்னவன் போகப்போகிற பள்ளி.

அதன் அன்றைய பேர் அசைலம். அப்பன் செத்துப்போன சோல்ஜர் பிள்ளைகளுக்கும், பார்க்க ஆளில்லாத பிள்ளைகளுக்கும் புகலிடம். வேறு போக்கிடம் இல்லாததால் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 இல், ராணுவ இலாகாவிடமிருந்து கல்வி இலாகாவுக்கு மாறி, இன்றைக்குப் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் போட்டி போட்டுச் சேர்கிற இடமாகிவிட்டது. கட்டடம் என்னவோ அதேதான். கோபுரமும் வளைவுகளுமாகப் படத்தில் பார்த்தேன், கோட்டை மாதிரி இருக்கிறது. சிஷோம் என்பவர் போட்ட திட்டமாம். நீ தினமும் மெரினா வழியாகப் போகிறாயே, அங்கே இருக்கும் செனட் ஹவுஸும் மாநிலக் கல்லூரியும் அவர் கட்டியவைதான். இனிப் போகும்போது கவனித்துப் பார்.

ஒரு சங்கதி படித்ததும் உனக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. சென்னை எழும்பூரில் 1789 வாக்கில் சோல்ஜர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் அசைலம் இருந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார்தான் அதற்குப் பொறுப்பு. நம்மவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தம் பிள்ளைகளையும் எழுத வைத்தாராம். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் சீமைக்குக் கொண்டுபோய் 'மெட்ராஸ் முறை' என்று பேர் வைத்தார்கள். அந்த எழும்பூர் அசைலத்தைப் பிற்பாடு ஊட்டிப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது, பார். கோயில் மண்டபத்தில் முப்பது வருஷம் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மணலில் எழுதினால் தப்பாகப் போட்ட எழுத்தைக் கையாலேயே தடவி அழித்துவிடலாம்.

'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்பதுதான் அந்தப் பள்ளியின் வாசகமாம். நல்ல வாசகம்தான். ஒன்பது வயசுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, அழுதால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நீ அவனுக்குச் சொல்லிவை. கம்பளிச் சட்டைக்குள்ளே போட உள்சட்டையும் வாங்கு. இராத்திரியில் காலுக்கு உறை போட்டுத்தான் தூங்க வேண்டும் என்று சொல். அவன் இன்னும் மருமகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறானாமே. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் பிள்ளை, உன் முடிவு.

நம்ம காலம் வேறு. 1988 இல் இங்கே பள்ளிகளை எல்லாம் மூடிவிட்டார்கள், எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மறுவருஷம் மாமாவோடு உன்னை இந்தியாவுக்கு, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க அனுப்பினேன். பச்சை டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் உன் பேரை நானே எழுதினேன். அனுப்பியது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்கு இன்றைக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லையே, தம்பி. வீட்டுக்குப் பக்கத்திலேயே எத்தனை நல்ல பள்ளிகள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்று. சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

ஹாஸ்டலிலிருந்து நீ போட்ட முதல் கடிதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், பென்சில் எழுத்து. சாப்பாடு, பக்கத்துப் படுக்கைப் பையன் என்று நாலு வரி. அப்புறம், "அப்பா எனக்கு வீட்டுக்கு வறனும் வந்து கூட்டிட்டு போங்க." அந்த றகரத்தையும் னகரத்தையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். மேலே 'வர வேண்டும்' என்று எழுதினேன். 'போங்க' என்பதை அடித்து 'செல்லுங்கள்' என்று போட்டேன். மொத்தம் பதினொரு பிழை. 'பிழையின்றி எழுதி அனுப்பவும்' என்று அடியில் எழுதி, அதே தாளைத் திரும்ப உனக்கே தபாலில் போட்டேன். வாத்தியார் புத்தி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். அது அல்ல. அந்த வரிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுத்தைப் பார்த்தேன்.

உன் அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது, பர்மியத்தில்தானே படித்தவள். அடுப்படி வாசலில் ஈரக் கையோடு வந்து நின்று, "என்ன எழுதியிருக்கான்?" என்றாள். நான் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். "நல்லா இருக்கானாம்" என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். கடைசிவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த கடிதம் இருபத்தாறு நாள் கழித்து வந்தது. ஒரு பிழை இல்லை. 'நான் நலம். தாங்களும் அம்மாவும் நலமா? நன்றாகப் படிக்கிறேன்.' அதற்கப்புறம் ஏழு வருஷம் நீ போட்ட கடிதம் ஒவ்வொன்றும் அப்படித்தான். பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தைக் கோயில் பிள்ளைகளிடம் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். அம்மா போன பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். நீ எங்கேயும் இல்லை, தம்பி.

இன்றைக்கும் போனில் "நல்லா இருக்கேன்பா, சரிப்பா" என்கிறாய். அந்தக் குரலைக் கேட்டால் அந்தச் சிவப்பு மைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. நான் செய்தது தப்பு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சின்னவனைச் சேர்ப்பதானால் சேர். நல்ல பள்ளிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலை ரயிலில் கூட்டிக்கொண்டு போ. 1908 இல் ஊட்டிவரை போட்ட பாதை அது, லவ்டேலுக்கென்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார வை. விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பாதே, இரண்டு நாள் ஊட்டியில் தங்கு. அவன் கடிதம் எழுதினாலும் போனில் பேசினாலும், என்ன சொல்கிறான் என்று மட்டும் கேள். 'வரணும்' என்றால் போய்க் கூட்டிக்கொண்டு வா. கட்டிய பணம் போனால் போகட்டும், என்னால் முடிந்ததை நான் அனுப்புகிறேன்.

அத்தைக்கு மூட்டு வலி பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார். மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை.

கம்பளிச் சட்டையை மறக்காதே. நீல நிறம் அவனுக்குப் பிடிக்கும்.

பதில் போடு. பேசுகிற மாதிரியே எழுது.

இப்படிக்கு
அப்பா